செசிலி மடை

கடல்,
அக்டோபர் 6

அன்புள்ள மச்சான் ஷிபுவுக்கு,

மாதா புண்ணியத்தில் பாரசீகக் கரையில் எனக்குச் சுகம். அரபிக் கரையில் உனக்கும் சூசை அண்ணனுக்கும் சுகம்தானா என்று கேட்க வேறு வழியில்லாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. பிழை கண்டுபிடித்துச் சிரிக்காதே.

இரண்டு கரைக்கும் நடுவில் போன் அறுந்து ஒரு மாதம் ஆகிறது. இங்கே இன்டர்நெட்டையும் மூடிவிட்டார்கள். ஊருக்குப் பேச துறைமுகத்தில் ஒரே ஒரு கடை, அதற்கும் பெரிய வரிசை. ரெஜிஷா அழுது முடிப்பதற்குள் என் முறை முடிந்துவிடுகிறது. உன் தங்கச்சிக்கு அழுகையில் ஒரு குறையும் வைக்காமல்தான் வளர்த்திருக்கிறீர்கள்.

அதனால் ஒரு யோசனை. செசிலி மடைக்கு நீயும் வருகிறாய், நானும் வருகிறேன். பழையபடி லாஞ்சோடு லாஞ்சைக் கட்டிவிட்டுப் பேசிக்கொண்டிருக்க முடியாது, ரோந்துக் கப்பல் பார்த்துவிடும். என் மீன்கூடு கிடக்கிற இடத்தில் மிதவையோடு இந்தப் பாட்டிலைக் கட்டிவிட்டுப் போகிறேன். உன் கூட்டைத் தூக்க வரும்போது எடுத்துக்கொள். பதிலை அதே பாட்டிலில் போடு. கூட வருகிற வங்காளிப் பையன்களுக்கு அந்த மடை கடலுக்கடியில் கிடக்கிற ஏதோ ஒரு பாறை. அதற்கு என் அம்மையின் பெயரை வைத்ததும், இடத்தை ஜி.பி.எஸ். மெஷினில் பதியாமல் தலைக்குள் வைத்திருப்பதும் நாம் இரண்டு பேர்தானே. அம்மை இறந்த வருஷம் அந்த மடையில் முதன்முதலாகக் கலவா மீன் குவிந்தபோது, "செசிலியம்மை எங்க போனாலும் நமக்குச் சோறு போடுவா கேட்டியா" என்று நீதான் சொன்னாய். எனக்கு அது மறக்கவில்லை.

இவ்வளவு கூத்தும் எதற்காக என்று நினைத்தால் எரிச்சலாக வருகிறது. இரண்டு நாடும் அடித்துக்கொள்கிற அந்த மணல் திட்டில் தண்ணீர் இல்லை, ஒரு ஈச்சமரம்கூட இல்லை. ஒரு லைட்ஹவுசும் பறவை எச்சமும்தான். ஒருத்தன் கொடி நடுகிறான், மற்றவன் பிடுங்குகிறான். நம்மூருக்கும் பக்கத்து ஊருக்கும் கடலரிப்பைத் தடுக்கிற தூண்டில் வளைவு யார் பக்கம் வரவேண்டும் என்று நடந்த அடிதடி போலத்தான். அதிலாவது நடுவில் சாமியார் நின்றார், கலெக்டர் வந்தார். இங்கே நடுவில் ஆள் இல்லை. ஆளுக்கொரு பெரிய நாடு பின்னால் நின்று கிள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறது.

கடைசியாக நல்ல சங்கதி. ரெஜிஷா புதுக்கடை ஆஸ்பத்திரியில் போய் ஸ்கேன் எடுத்திருக்கிறாள். பிப்ரவரியில் பிள்ளை. ஞானஸ்நானத்துக்குத் தலதொட்டப்பன் நீதான். வேறு யாரும் என் பிள்ளையின் தலையைத் தொடக் கூடாது. பாட்டிலோடு ஒரு பொதி பிஸ்தா கட்டியிருக்கிறேன். அண்ணனுக்குக் கொடுக்காமல் நீயே தின்றுவிடாதே.

உன் மச்சான்,
பிரைட்டன்


கடல்,
அக்டோபர் 19

அன்பு மச்சான் பிரைட்டனுக்கு,

மிதவையில் பாட்டிலைப் பார்த்ததும் குண்டு என்று நினைத்து வங்காளிகள் லாஞ்சின் மறுபக்கம் ஓடிவிட்டார்கள். உன் கையெழுத்தைப் பார்த்த பிறகு எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான். பிஸ்தாவில் பாதியை அண்ணன் மீன் கொட்டகையில் எடை போட்டுக்கொண்டே தின்றுவிட்டார். "பிரைட்டனுக்குக் கொணம் உண்டு, அறிவுதான் கொறவு" என்று உனக்கு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

தலதொட்டப்பன் நானேதான். வேறு யாரையாவது நினைத்திருந்தால் உன் பல்லைத் தட்டியிருப்பேன். பிள்ளைக்குத் தங்கச் சிலுவை என் செலவு. அன்றைக்குக் கோயிலில் நான் வெள்ளைச் சட்டை போடுவேன், நீ எனக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

இனி ஒன்று சொல்கிறேன், சட்டென்று கோபப்படாதே. அந்தத் தீவைப் பற்றி வேடிக்கையாக எழுதாதே. இங்கே யாரும் சிரிப்பதில்லை. எங்கள் முதலாளி அர்பாபின் மகன் கடல் காவலில் இருக்கிறான். அவன் கூட்டாளிகள் இரண்டு பேரை உங்கள் ஆட்கள் பிடித்துக்கொண்டு போய் டிவியில் முட்டிபோட வைத்தார்கள். அர்பாப் அதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் சாப்பிடவில்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது தன் வீட்டிலிருந்து சூப் கொடுத்தனுப்பிய மனுஷன் அவர். அவர் அழுதால் எனக்குப் பொறுக்காது.

இப்போது எல்லா லாஞ்சிலும் கொடி கட்டியிருக்கிறோம். காலையில் துறைமுகத்தில் தேசிய கீதம் போடுகிறார்கள், எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். அர்த்தம் தெரியாது, ஆனாலும் ஆயிரம் பேரோடு நிற்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. சூசை அண்ணன் மட்டும் மூட்டுவலி என்று சொல்லி எழும்புவதில்லை. பதினோரு வருஷமாக 'ஏய் ஹிந்தி' என்று கூப்பிட்டவர்கள் இப்போது என் தோளில் கை போட்டு 'நீ எங்கள் ஆள்' என்கிறார்கள். உனக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை.

எங்கள் தீவை உங்கள் ஆட்கள் விட்டுவிட்டால் நாளைக்கே எல்லாம் முடிந்துவிடும். உன் முதலாளியிடம் சொல்லிப் பார்.

ரெஜிஷாவைப் பற்றி எழுது.

உன் மச்சான்,
ஷிபு


கடல்,
நவம்பர் 8

அன்புள்ள ஷிபு,

ஏலே, 'எங்கள் தீவு' என்று எழுதியிருக்கிறாயே, உனக்கு எப்போது பட்டா கொடுத்தார்கள்? கடலோரத்தில் மூன்று சென்ட் வீட்டுமனைக்கு இருபது வருஷமாக உன் அப்பா தாலுகா ஆபீசுக்கு அலைகிறார். இங்கே ஒரு தீவையே எழுதி வாங்கிவிட்டாய். என் முதலாளியிடம் சொல்லவாம். அவன் எனக்குச் சம்பளத்தையே கேட்டால்தான் தருகிறான், தீவைக் கேட்டவுடன் தந்துவிடுவானாக்கும்.

இந்தக் கரையிலும் அதே பைத்தியம்தான். கடலுக்குப் பெயர் பாரசீகமா அரபியா என்று டீக்கடையில் கேட்பார்கள். சரியான பெயரைச் சொன்னால்தான் டீ. நான் 'உப்புக் கடல்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். போன வாரம் ஒருத்தன் என்னைப் பிடித்து, "அரபிகள் ஒழிக" என்று கத்தச் சொன்னான். நான் "ஷிபு ஒழிக" என்று தமிழில் கத்தினேன். திருப்தியாகப் போய்விட்டான்.

சிரிப்பு போதும். இனிமேல் எழுதுவதைக் கவனமாகப் படி. எங்கள் லாஞ்சுகளைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. போன செவ்வாய்க்கிழமை ஆறு பேரையும் சில நீளமான பெட்டிகளையும் என் லாஞ்சில் ஏற்றி, மணல் திட்டின் மேற்குப் பக்கத்தில் இறக்கச் சொன்னார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு எங்கே வாய் இருக்கிறது. பாஸ்போர்ட் முதலாளியின் கையில் இருக்கிறது. பெட்டியில் என்ன என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அங்கே இப்போது ஆள் இருக்கிறது, அது மட்டும் எனக்குத் தெரியும்.

அதனால் திட்டின் மேற்குப் பக்கம் நீ போகாதே. நெய்மீன் தலையில் வந்து விழுந்தாலும் போகாதே. உன் கரையில் உள்ள நம்மூர்க்காரர்கள் எல்லாரிடமும் ஏதாவது காரணம் சொல்லி அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள். நான் எழுதியது என்று சொல்லாதே. தெரிந்தால் இங்கே என் தலை இருக்காது. உன்னிடம் சொல்லாமல் இருந்து உனக்கு ஒன்று வந்துவிட்டால் ரெஜிஷாவின் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? அதற்காகத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துக் கடலில் போட்டுவிடு.

பிள்ளை உதைக்கிறதாம். போனில் ரெஜிஷா சொன்னாள். அன்றைக்கு மட்டும் அவள் அழவில்லை.

உன் மச்சான்,
பிரைட்டன்


கடல்,
டிசம்பர் 2

பிரைட்டனுக்கு,

சூசை அண்ணன் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஏலம் நடக்கும்போது மேலே ஒரு சத்தம் கேட்டது. மோட்டார் சைக்கிள் சத்தம் போல இருந்தது. உங்கள் கரையிலிருந்து வந்த டிரோன். கடல் காவல் படகுகளுக்கு வைத்த குறி மீன் கொட்டகையில் விழுந்தது. நான் ஐஸ் எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்க்கும்போது கொட்டகை இல்லை. எல்லாரும் எழுந்து நிற்கிற பாட்டுக்கு எழும்பாமல் உட்கார்ந்திருந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். அம்மாவிடம் நான்தான் போனில் சொன்னேன். அந்தக் குரலை இனிச் சாகும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

விமானம் எல்லாம் நின்றுவிட்டது. அண்ணனின் சவப்பெட்டி ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் இருக்கிறது. குண்டு விழுந்து ஒரு எண்ணெய்க் கப்பல் எரிந்த பிறகு தூரத்துப் பெரிய நாடுகளின் போர்க்கப்பல்கள் வந்து நிற்கின்றன. மலைக்கு அந்தப் பக்கத்து நாடுகளும் இறங்கிவிட்டன. அர்பாப் வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உன் அண்ணன் எங்கள் தியாகி" என்றார். துறைமுகச் சுவரில் அண்ணனின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

நீ கொண்டுபோய் இறக்கிய பெட்டி ஒன்றிலிருந்து வந்ததா அது? நீ கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். கேட்டிருக்கலாம்.

சரி, அதை விடு. நீயும் அவருக்குத் தம்பி மாதிரிதான். எட்டாம் தேதி மாதா திருநாள். காலையில் செசிலி மடைக்கு வா. அண்ணனுக்காகச் சேர்ந்து ஒரு ஜெபமாலை சொல்லுவோம். அவர் கழுத்துக் கயிற்றில் கிடந்த மாதா படம் போட்ட உத்தரியத்தை உன் கையில் தரவேண்டும். உன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பயப்படாதே, அன்றைக்கு ரோந்து தெற்கே போகிறது, அர்பாபின் மகனே சொன்னான்.

வருவாய்தானே.

ஷிபு


சிறை,
டிசம்பர் 21

அன்புள்ள மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தைக் கிருஷ்ணமணி அண்ணன் கொண்டுவந்து தருவார். தக்கலைக்காரர், இங்கே சிறையில் சமையல் வேலை. நம்பலாம். பதிலையும் அவரிடமே கொடு.

முதலில் ஒன்றைச் சொல். நீ நன்றாக இருக்கிறாயா? அன்றைக்கு உனக்கு ஒன்றும் ஆகவில்லையே? அதை நினைத்துத்தான் எனக்கு உறக்கம் இல்லை. மடையில் லாஞ்சை நிறுத்திவிட்டு உனக்காகக் காத்திருந்தேன். அண்ணனுக்குப் பிடிக்கும் என்று மரச்சீனிக் கிழங்கும் மீனும் அவித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தேன், அந்தக் கரையில் மரச்சீனிக்கு நான் பட்ட பாடு தனிக்கதை. உன்னைக் காணவில்லை, சரி, தொடங்குவோம் என்று ஜெபமாலையை எடுத்தேன். மூன்றாம் தேவரகசியம் சொல்லும்போது நாலு பக்கமும் கடல் காவல் படகு. நீ வரத் தாமதமானது மாதா செய்த புதுமை. நேரத்துக்கு வந்திருந்தால் உன்னையும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ரெஜிஷாவுக்குப் புருஷனும் இல்லை, அண்ணனும் இல்லை என்று ஆகியிருக்கும்.

அண்ணனைப் பற்றி நீ எழுதியதைப் படித்து நான் லாஞ்சில் கிடந்து அழுதேன். பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது மக்கா. அந்தக் கேள்வியை நானும் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அண்ணன் மேல் விழுவதற்காக நான் ஒன்றையும் சுமக்கவில்லை. அது உனக்குத் தெரியாதா?

என்னை உளவாளி என்கிறார்கள். விசாரணை ஜனவரியில். உளவு என்று முடிவானால் என்ன ஆகும் என்று கிருஷ்ணமணி அண்ணன் சொல்ல மாட்டேன் என்கிறார், அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். எனக்கு இந்தக் கரையில் நீ ஒருத்தன்தான். உன் அர்பாபிடம் சொல். அவர் மகன் கடல் காவலில்தானே இருக்கிறான். பிரைட்டன் என் தங்கச்சியின் புருஷன், செத்த அண்ணனுக்கு ஜெபம் சொல்ல நான் கூப்பிட்டுத்தான் வந்தான் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணனைத் தியாகி என்கிறவர்கள் உன் பேச்சைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

பிப்ரவரிக்குள் ஊருக்குப் போய்விட வேண்டும். பிள்ளை பிறக்கும்போது நான் இல்லாமல் இருந்தால் உன் தங்கச்சி ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டுவாள்.

உன் மச்சான்,
பிரைட்டன்


துறைமுகம்,
ஜனவரி 9

அன்பு பிரைட்டனுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். சோப்பும், கம்பளியும், கொஞ்சம் பேரீச்சையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அங்கே குளிர் அதிகம் என்று கிருஷ்ணமணி சொன்னார்.

அர்பாபிடம் பேசினேன். பார்க்கலாம் என்கிறார். அவர் மகன் போனை எடுப்பதில்லை. நிலைமை அப்படி. மணல் திட்டுக்காகத் தொடங்கியது, இப்போது யாரும் திட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. இரண்டு நாட்டுச் சண்டையில் இப்போது ஏழு நாடு. ராத்திரியில் வானம் முழுக்க வெளிச்சம்.

எங்களை ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். பட்டியலில் எனக்கும் இடம் கிடைத்திருக்கிறது. அண்ணனின் பெட்டியும் அதே விமானத்தில் வரும். போனதும் ரெஜிஷாவைப் பார்க்கிறேன். உனக்குச் சுகம் என்று சொல்கிறேன்.

ஒரே ஒரு காரியம். விசாரணையில் என் பெயரைச் சொல்லிவிடாதே. நமக்குள் கடிதம் போனது வந்தது எதையும் சொல்லாதே. வெளியில் ஒருத்தனாவது இருக்க வேண்டும் அல்லவா, ரெஜிஷாவுக்காக.

தைரியமாக இரு. ஜெபம் செய்.

ஷிபு


சிறை,
ஜனவரி 27

ஷிபு,

நேற்று விசாரணை. இதை நீ ஊருக்குப் போகுமுன் உன் கையில் சேர்த்துவிடுவதாகக் கிருஷ்ணமணி அண்ணன் சொல்லியிருக்கிறார்.

அந்த அதிகாரி நல்ல மனுஷன் போலத்தான் பேசினான். மொழிபெயர்க்க ஒரு மலையாளி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் மலையாளி சொல்வதற்கு முன்பே அவன் வாயாலேயே கேட்டான். "செசிலி" என்றான். "செசிலியில் யாரைச் சந்திக்க வந்தாய்?"

என் அம்மையின் பெயர் ஷிபு. அவளைப் பார்த்திராத, நம்மூர் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒருத்தன் அதைச் சொல்கிறான்.

பிறகு ஆறு பேரைப் பற்றிக் கேட்டான். நீளமான பெட்டிகளைப் பற்றிக் கேட்டான். செவ்வாய்க்கிழமை என்றான், மேற்குப் பக்கம் என்றான். அதை நான் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் எழுதினேன். உயிரோடு இருக்கவேண்டும் என்பதற்காக எழுதினேன்.

ராத்திரி முழுக்க உனக்காக நானே வக்கீலாக இருந்து பார்த்தேன். பாட்டில் அவிழ்ந்து ரோந்துக்காரன் கையில் கிடைத்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் பாட்டிலில் போட்ட இரண்டு கடிதத்துக்கும் எனக்குப் பதில் வந்திருக்கிறது. உன்னைப் பிடித்துக்கொண்டு போய் அடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். அதைத்தான் நம்ப ஆசைப்படுகிறேன். அடித்தார்களா மக்கா? அடித்திருந்தால் சொல்லிவிடு. சத்தியமாகச் சொல்கிறேன், நான் மன்னித்துவிடுவேன். அடி தாங்காமல் சொன்னவனை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் இங்கே கொஞ்சம் கிடைத்திருக்கிறது.

அந்த உத்தரியம் உன்னிடம் இருக்கிறதா? அதையும் எழுது.

தீர்ப்பு அடுத்த மாதம்.

பிரைட்டன்


ஊர்,
ஏப்ரல் 19

அன்பு மச்சான்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன். பிளேன் சென்னையில் இறக்கியது. அங்கிருந்து பஸ். விடியும்போது ஆரல்வாய்மொழி. காற்றாலைச் சத்தம் கேட்டு நான் சீட்டுக்குக் கீழே குனிந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் கொடுத்தார். அண்ணனை நம்மூர்க் கல்லறையில் அடக்கம் செய்தோம்.

உனக்குப் பெண் குழந்தை. பிப்ரவரி பதினெட்டு. உன் மூக்கு, நல்ல வேளையாக ரெஜிஷாவின் நிறம். தீர்ப்பு வந்தது தெரியும், பன்னிரண்டு வருஷம். ரெஜிஷா அன்றைக்கு அழவில்லை. அதுதான் எங்களுக்கெல்லாம் பயமாக இருந்தது. சண்டை நின்றுவிட்டதால் கைதிகளை மாற்றிக்கொள்வார்கள், நீ சீக்கிரம் வந்துவிடுவாய் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த மணல் திட்டு இப்போது இல்லையாம். குண்டு விழுந்து விழுந்து லைட்ஹவுஸ் போய், மணலும் போய், அலை ஏறிவிட்டதாம். புதுக்கடை டீக்கடையில் மட்டும் இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். என்னை யாரும் அடிக்கவில்லை. டீ கொடுத்தார்கள்.

அண்ணன் செத்து மூன்றாம் நாள், அர்பாபின் மகன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "உன் அண்ணனைக் கொன்றவர்களுக்கு வழிகாட்டியவன் எவனாவது உனக்குத் தெரியுமா, நீ எங்கள் ஆள்" என்றான். உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அவனுக்குத் தமிழ் தெரியாது, நானே வாசித்துச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு உன்னைத் தெரியவே இல்லை பிரைட்டன். அந்தக் கரை மட்டும்தான் தெரிந்தது. இடத்தைக் கேட்டான். சொன்னேன். மடையின் பெயரையும் கேட்டான், சொன்னேன். வெறும் விசாரணைதான், நாலு நாளில் விட்டுவிடுவோம் என்றான். நம்பினேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். உத்தரியம் அண்ணனோடு பெட்டியில்தான் இருந்தது. நீ வரவேண்டும் என்பதற்காக அப்படி எழுதினேன்.

உனக்கு நடந்ததற்கு அப்புறம் எனக்கு நடந்ததையும் கேள். அடுத்த மாதமே எங்களையெல்லாம் வெளியாள் என்று சொல்லி ஒரு கொட்டகையில் அடைத்துப் போட்டார்கள். அண்ணன் படத்துக்கு மேல் வேறு படம் ஒட்டிவிட்டார்கள். அர்பாப் வாசல் வரை வந்தார், என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ரெஜிஷா கேட்கவில்லை. "அவிய சொல்லிட்டுப் போன ஒரே காரியம் இதுதான்ணே, நீதான் தொடணும்" என்றாள். தொட்டேன். செசிலி என்று பெயர் வைத்தோம்.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், ரெஜிஷாவுக்கு இதை எழுதிவிடாதே. அம்மாவுக்கு ஒரு மகன் போயாச்சு. இது தெரிந்தால் இன்னொருத்தனும் போன மாதிரிதான். குழந்தை என் மடியில்தான் உறங்குகிறது. அவளை உன் பெயர் சொல்லியே வளர்ப்பேன்.

உன் மச்சான்,
ஷிபு


சிறை,
மே 18

ஷிபு,

உன் கடிதம் வந்தது. பல தடவை படித்தேன். டீ கொடுத்தார்கள் என்று எழுதியிருந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அடித்தார்கள் என்று நீ ஒரு பொய் எழுதியிருக்கலாம். அதை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷத்தை ஓட்டியிருப்பேன்.

நீ கேட்டபடி விசாரணையில் உன் பெயரை நான் சொல்லவில்லை. செசிலியில் யாரைச் சந்திக்க வந்தாய் என்று அவன் கேட்டபோது, யாரையும் இல்லை, மீன் பிடிக்க வந்தேன் என்றேன். அந்த நேரத்தில் நீ அந்தத் துறைமுகத்தில்தான் இருந்தாய். உன் பெயரைச் சொல்லியிருந்தால், அண்ணனுக்கு ஜெபம் சொல்ல வந்தவன் என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கும். உன்னையும் உள்ளே போட்டிருப்பார்கள். செசிலி என்று அவன் சொன்ன அந்த நிமிஷமே எனக்கு நீதான் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும்தான் சொல்லவில்லை. என் பிள்ளையின் தலையைத் தொட ஒரு ஆள் ஊரில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் எவ்வளவு பெரிய மடையன் என்று பார்.

ரெஜிஷாவிடம் சொல்லாதே என்கிறாய். யோசித்துப் பார்த்தேன். அவள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. நீயும் அவளும் ஒரே பாயில் உறங்கி வளர்ந்தவர்கள். அண்ணன் செத்த வலி உனக்கு என்னைவிட அதிகம் என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக என்னை நேரில் பார்த்து இரண்டு அறை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டு நின்றிருப்பேன். நீ அண்ணனின் உத்தரியத்தைக் காட்டிக் கூப்பிட்டாய். மாதா திருநாள் என்று கூப்பிட்டாய். எந்த நாட்டுக்காரன் சொல்லிக்கொடுத்தாலும் இது வராது ஷிபு, இது நம்மூர்ப் புத்தி.

ஞானஸ்நானத்தில் சாமியார் பிள்ளைக்குப் பதிலாக உன்னிடம்தான் கேட்டிருப்பார், சாத்தானையும் அவன் செயல்களையும் விட்டுவிடுகிறாயா என்று. விட்டுவிடுகிறேன் என்று நீ சத்தமாகச் சொல்லியிருப்பாய். ரெஜிஷா பக்கத்தில் நின்று கேட்டிருப்பாள்.

இந்தக் கடிதத்தை உன் பெயருக்கு அனுப்பவில்லை. ரெஜிஷாவின் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன், நீ எழுதியதையும் உள்ளே வைத்து. உனக்கு எழுதியதை நீ இன்னொருவனுக்கு வாசித்துக் காட்டினாய். எனக்கு எழுதியதை நானும் அப்படியே செய்துவிட்டேன். அவள் இரண்டையும் வாசித்த பிறகுதான் உன்னிடம் தருவாள். இதை நீ படிக்கும்போது அவள் எதிரில் நிற்பாள். முதலில் பிள்ளையை அவள் கையில் கொடு.

அவள் என்ன முடிவெடுத்தாலும் அது என் முடிவு. வீட்டுக்கு வராதே என்றாலும் சரி, பிள்ளைக்கு மாமன் வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும் சரி. நான் குறுக்கே நிற்க மாட்டேன். எனக்கு மட்டும் நீ இனி எழுத வேண்டாம். கிருஷ்ணமணி அண்ணனிடமும் சொல்லியிருக்கிறேன், உன் கையெழுத்து வந்தால் என்னிடம் தரவேண்டாம் என்று.

செசிலியின் அப்பன்,
பிரைட்டன்